'சேக்ரிலேஜ்': எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல்?

மொழிமேசை:
நாவல் மொழிபெயர்ப்பு ஒன்றில் 'சேக்ரிலேஜ்' (sacrilege, புனிதமானதைக் கெடுப்பது) என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வருகிறது: திருடன் தேவாலயத்துக்குள் புகுந்து நற்கருணைப் பேழையை (பூசையில் அர்ச்சித்த அப்பம் வைக்கும் பெட்டியை) உடைக்கிறான், ஊழியர் ஒருவர் கோயில் நகையை விற்கிறார், ஒருத்தர் பழைய ஒயினில் சோடா கலக்கிறார். மூன்றுக்கும் 'தெய்வ நிந்தனை' என்றே போடலாமா?

கல்லெழுத்து:
வேண்டாம். நிந்தனை வாயால் செய்வது. சேக்ரிலேஜ் கையால் செய்வது. இலத்தீன் மூலச்சொல்லின் முதற்பொருளே கோயில் பொருளைக் களவாடுவதுதான். பழைய தமிழ் விவிலியம் இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. அப்போஸ்தலர் 19:37-இல் 'கோவிற்கொள்ளைக்காரருமல்ல' என்பது தனி, 'தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல' என்பது தனி.

நகை விற்கும் இடத்துக்குக் கல்வெட்டுச் சொல்லே இருக்கிறது: சிவத்துரோகம். சோழ மன்னன் மூன்றாம் இராசராசன் காலத்துச் சிவபுரம் கல்வெட்டில், அம்மன் நகையை ஒரு பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்த அர்ச்சகர்கள் மீது வந்த குற்றம் அதுதான். கதை சைவக் கோயிலில் நடக்காவிட்டால் 'கோயில் சொத்துத் துரோகம்' என்று விரித்துவிடுங்கள்.

பேழை உடைப்புக்கு, பாத்திரம் வயதான கத்தோலிக்கர் என்றால் 'தேவதுரோகம்'. பாவநிலையில் நன்மை (நற்கருணை) வாங்குவதைக்கூட அந்தக் காலத்தார் அப்படித்தான் சொன்னார்கள். இளையவர் பேச்சென்றால் 'புனிதத்தைக் கெடுத்துட்டான்' போதும்.

வாய்தா:
நாவலில் போலீஸ், கோர்ட் வந்தால் கவனம். பாரதிய நியாய சன்ஹிதா 298-ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 295) வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ சிதைப்பது, களங்கப்படுத்துவது பற்றியது, 2 ஆண்டு வரை சிறை. மதத்தை அவமதிக்கும் எண்ணம் இருக்க வேண்டும், அல்லது ஒரு பிரிவினர் அதை அவமதிப்பாகக் கருதுவார்கள் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். பணத்துக்காகச் சிலை திருடினவன் மேல் இது நிற்பது கடினம். சிலைத் திருட்டுக்கு 305 இருக்கிறது, 7 ஆண்டு வரை.

'புனிதப் பொருள்' எது என்பதற்கு நம்மூர் வழக்கே முன்னோடி. 1953-இல் திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். பிரதிஷ்டை ஆகாத மண்பொம்மை புனிதப் பொருள் அல்ல என்று கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எதுவும் அதில் அடங்கும், பிரதிஷ்டை கட்டாயமில்லை என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் மேல்நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை.

திருமண்:
ஒயின் சோடாவுக்கு 'அபச்சாரம்!' என்பதை விட்டால் வேறு சொல் கிடையாது. கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை வரை வாசகருக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டுச் சொல்லாகிவிட்டதே தவிர, மூலம் கனமானது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில் பகவதபசாரங்களை (பெருமாளுக்குச் செய்யும் அபச்சாரங்களை) அடுக்கும்போது, பெருமாள் சொத்தைத் திருடுவதோடு, வழிபடும் விக்கிரகம் எந்த உலோகம் என்று ஆராய்வதையும் சேர்க்கிறார்.

மொழிமேசை:
நன்றி. பேழை உடைந்த பிறகு வரும் வரிக்கு 'கோயில் தீட்டாகிவிட்டது' சரியா?

கல்லெழுத்து:
கூடாது. தீட்டு பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு, சாதி என்று வேறு பக்கம் இழுத்துவிடும். யாருமே தவறு செய்யாமலும் வரும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1211-இன்படி, புனிதம் குலைந்த ஆலயத்தில் பரிகாரச் சடங்கு முடியும்வரை வழிபாடு கிடையாது. 'ஆலயத்தின் புனிதம் குலைந்தது. பரிகாரம் முடியும்வரை பூசை இல்லை' என்று எழுதுங்கள்.