செவிலியர் வெளிநாடு போவதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா?

பள்ளத்தூரான்:
மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள 55 நாடுகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பட்டியலிட்டது. பணக்கார நாடுகள் அங்கே தேடிப் போய் ஆள் எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. இந்தியா அதில் இல்லை, அதனால் நம் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகிறார்கள். இங்கே பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிரஷர் பார்க்கவும் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் ஆள் கிடைப்பது பெரும்பாடு. நர்சிங் படித்தவர்கள் ஐந்து வருடம் உள்ளூரில் வேலை பார்த்த பிறகுதான் வெளிநாடு போகலாம் என்று சட்டம் வேண்டும்.

தேவகோட்டை செவிலியர்:
அண்ணே, வேலை கொடுத்தீர்களா என்று முதலில் கேளுங்கள். 2015இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறிய செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவள் அந்தச் சம்பளத்தில் வட்டி கட்டுவாளா, சாப்பிடுவாளா? நம் அப்பத்தாக்கள் காலத்தில் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்து சம்பாதிக்க, போனார்கள். யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. இப்போது பெண் பிள்ளை சம்பாதிக்கக் கிளம்பினால் மட்டும் சட்டமா?

பள்ளத்தூரான்:
தங்கச்சி, அவர்கள் போனதால் இங்கே யாருக்கும் வைத்தியம் நிற்கவில்லை. உலக நோய்ச்சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்காவில், ஆனால் உலக மருத்துவப் பணியாளரில் 3 சதவீதம்தான் அங்கே என்று 2006இல் அதே உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆள் போகப் போக அந்த நிலைதான் வரும். தாய்லாந்தில் மருத்துவர்களுக்குக் கட்டாயக் கிராமப் பணி பல பத்தாண்டுகளாக இருக்கிறதே?

திருமயம் டாக்டர்:
இருக்கிறது. கூடவே கிராமப்படி கொடுத்தார்கள், மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டினார்கள், கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி மருத்துவம் படிக்க வைத்தார்கள். கட்டாயத்தை மட்டும் எடுத்துப் பேசக் கூடாது. நம் மாநிலத்தையே பாருங்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் என்பதால்தான் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள், நானும் அப்படி வந்தவன். அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. செவிலியருக்கு அப்படி என்ன வழி வைத்திருக்கிறோம்?

இன்னொன்று. சிவகங்கையில் 2012இலும் புதுக்கோட்டையில் 2017இலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, நல்லது. ஆனால் துணை சுகாதார நிலையம் இன்னமும் 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான். இளவட்டங்கள் வெளியூரில் இருக்கும் நம் ஊர்களில் மிஞ்சியிருப்பவர்களில் பாதிப் பேருக்காவது சர்க்கரையோ மூட்டுவலியோ இருக்கும். தலையை எண்ணாமல் வயதை எண்ணி ஆள் போட வேண்டும்.

பள்ளத்தூரான்:
ஆளே இல்லாதபோது எதை எண்ணி என்ன?

திருமயம் டாக்டர்:
மொசாம்பிக்கில் 1984 முதல், மருத்துவர் அல்லாதவர்களுக்குச் சிசேரியன் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், மாவட்ட மருத்துவமனைக்குப் போன டாக்டர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள்.

பள்ளத்தூரான்:
ஏழைக்கு மட்டும் குறைப் படிப்புக்காரரா? பணக்காரன் அதை ஒத்துக்கொள்வானா?

தேவகோட்டை செவிலியர்:
அந்தக் கேள்வி நியாயம் அண்ணே. ஆனால் அங்கே சிசேரியன் முடிவுகள் டாக்டர் செய்ததற்குக் குறைவாக இல்லை. இங்கேயும் 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் பிரஷர் மாத்திரை தருகிறார்கள். அதனால் யாருக்கு என்ன குறை வந்தது? ஒப்பந்தம் வேண்டுமென்றால் போடுங்கள். அதில் அரசும் கையெழுத்துப் போடட்டும்: நிரந்தரப் பணி, தங்க வீடு, இரவுப் பணிக்குக் காவல்.

பள்ளத்தூரான்:
அதெல்லாம் கொடுத்தால் மூன்று வருடம் சம்மதமா?

தேவகோட்டை செவிலியர்:
இரண்டு. நிரந்தரப் பணி ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு.