விளையாட வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கைகொடுத்த ஊர்த் தொழில்கள்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

வலிகாமம் ரீச்சர் எழுதியது:

ஒரு பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டால் "வீட்டில் கஷ்டம் போல" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தக் கஷ்டம் என்னவென்று அவர்களோடு இருந்து கதைத்துப் பாருங்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, பந்தும் பள்ளிக்கூடத்தினுடையது. ஆனால் பயிற்சி முடிய ஐந்தரை ஆகிவிடும், பிறகு வீட்டுக்குப் போக பஸ் காசு வேண்டும். காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளைக்கு ஒரு பணிஸும் தேத்தண்ணியும் வேண்டும். சப்பாத்து வேண்டும், சீருடை வேண்டும். வலய மட்டத்தில் வென்றுவிட்டால் மாகாணப் போட்டிக்கு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போய்வரச் செலவு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போன நேரம், சப்பாத்து விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிய தாய்மாரைக் கடை வாசலிலேயே கண்டிருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை விலையைக் கேட்கிற அளவுக்குக்கூடப் போகாது. "எனக்கு விளையாட விருப்பமில்லை ரீச்சர்" என்று தானே சொல்லிவிடும்.

எங்கள் பக்கத்துத் தையற்கடை அக்கா ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பாவாடை, பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவர். பிறகு கழகங்களுக்கு ஜேர்சி தைக்கத் தொடங்கினார். மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான பெரும்போட்டிக் கிரிக்கெட் வரும்போது பழைய மாணவர்கள் ரீசேட் அடிக்கக் கொடுப்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்களும் கேட்பார்கள். நல்ல வருமானம் வருகிற மாதம் அதுதான். அந்த மாத இலாபத்தில் ஒரு பங்கைத் துணியாக எடுத்து வைத்து, ஆண்டு முழுக்க எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வலைப்பந்தாட்டப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர் தைக்கிற விதம். இடுப்பிலும் பக்கத் தையலிலும் துணியை அகலமாக உள்ளே மடித்து விடுவார். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துப் பெருப்பிக்கலாம். எந்த இடத்தில் ஆடுகிறவர் என்று காட்டும் எழுத்தைத் (GS, GA போல) துணியில் அச்சடிக்காமல் தனித் துண்டில் வெட்டி ஓரம் தைத்துவிடுவார். பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துப் போனதும் சட்டை கடைக்குத் திரும்பி வரும், எழுத்தைக் கழற்றி அடுத்த பிள்ளைக்கு வேறு எழுத்துத் தைப்பார். "இது இனாம் இல்லைத் தங்கச்சி, இரவல். வடிவாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டும்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தான் கொடுப்பார். இனாம் என்றால் வாங்கக் கூச்சப்படுகிற பிள்ளை, இரவல் என்றால் நிமிர்ந்து நின்று வாங்குகிறது. நான் கண்ணால் கண்ட வித்தியாசம் இது.

இன்னொன்று. சில பெண்பிள்ளைகளை விளையாட விடாததற்குக் காசு ஒரு பாதிக் காரணம்தான், உடுப்பு மற்றப் பாதி. கட்டைப் பாவாடையோடு ஊர் பார்க்க ஓடுவதா என்று தகப்பன்மார் மறித்துவிடுவார்கள். அக்கா முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டையும் அதன் மேல் பாவாடையும் சேர்த்துத் தைத்தார். அதோடு நூல் வெட்டுவது, பொத்தான் கட்டுவது போன்ற வேலைகளை அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கே கொடுத்தார், துண்டுக்கு இவ்வளவு என்று கூலியும் கொடுத்தார். தன் கையால் வேலை செய்த சீருடையைத் தன் மகள் போட்டு விளையாடுவதைத் தாய் வந்து பார்க்கிறாள். அப்புறம் வீட்டில் மறுப்புக் குறைந்துவிடுகிறது. 2019 லிவர்பூல் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் அதிக கோல்கள் போட்டவர் எங்கள் தர்ஜினி சிவலிங்கம். அந்தப் பெயரைத் தெரியாத பிள்ளை இங்கே மைதானத்தில் இல்லை. அவரைப்போல வர ஆசைப்படுகிற பிள்ளை உடுப்பாலே நின்றுவிடக் கூடாது என்பதற்காக அக்கா இரவில் மெஷின் மிதிக்கிறார்.

நீங்கள் கண்ட இப்படியான ஆட்களைப் பற்றி எழுதுங்கள். பெரிய நிறுவனம் வேண்டாம். கடை, பட்டறை, தோட்டம், எதுவானாலும் சரி, தொழில் செய்கிற ஒருவர் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்த கதைதான் வேண்டும்.


பாசையூர்க்காரன் எழுதியது:

ரீச்சர், எங்கள் கரையோர ஊர்களில் உதைபந்து இல்லாமல் பொழுது போகாது. குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் பின்னேரம் ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். ஆனால் கோல் கம்பத்துக்கு வலை இருக்காது. கோல் போனதா வெளியே போனதா என்று சண்டைதான்.

எங்கள் ஒழுங்கையில் வலை பொத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தன் வலையும் பொத்துவார், மற்றவர்களின் வலையையும் காசுக்குப் பொத்துவார். இழுவைப்படகு அறுத்துவிட்டுப் போன வலைகளை மடியில் போட்டுக்கொண்டு அவர் இருக்கிற இருப்பை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள். அவருடைய மருமகன்தான் ஒருநாள் கேட்டது: "மாமா, மீன் பிடிக்க வலை கட்டுகிற நீங்கள் பந்து பிடிக்கக் கட்ட மாட்டீர்களா?"

அளவு தெரியாமல் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் அளவு கொண்டுபோய்க் கொடுத்தோம். உதைபந்துக் கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். கரப்பந்து வலை ஒரு மீற்றர் அகலம், நீளம் ஒன்பதரை முதல் பத்து மீற்றர், கண் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம். கண் சதுரமாக நிற்க வேண்டும் என்றதும் பெரியவருக்குப் பிடித்துப் போயிற்று. மீன் வலையைத் தொங்கவிட்டால் கண் சரிந்து சாய்சதுரமாக நிற்கும். கரப்பந்து வலையில் அப்படி நின்றால் நடுவர் விட மாட்டார். மூலையிலிருந்து குறுக்காகப் பின்னிக்கொண்டு போனால் கண் நேராக வரும் என்று சொல்லி, பலகைத் துண்டு ஒன்றை அளவுக்குச் சீவிக் கண்ணுக்குக் கண் அதில் சுற்றி முடிச்சுப் போட்டார். மேல் விளிம்புக்கு வெள்ளைக் கன்வஸ் துணி வேண்டும், அதைத் தைக்கத் தெரிந்த இன்னொருவரைப் பிடித்தார்.

இப்போது அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. சாதாரண தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பெடியன்கள் சிலர் அவரோடு இருந்து பின்னுகிறார்கள், முடித்த வலைக்குக் கூலி. வசதியான பள்ளிக்கூடங்களும் பெரிய கழகங்களும் முழு விலை கொடுத்து வாங்குகின்றன. வசதியில்லாத கழகம் என்றால் நூல் காசு மட்டும் கொடுத்தால் போதும், கைக்கூலி அவர் பொறுப்பு. நாலு மணிக்கு மேல் பெடியன்கள் யாரும் அங்கே இருக்கக் கூடாது, "பந்துக்குப் போங்கோடா" என்று கலைத்துவிடுவார். கடலுக்குப் போய்ப் படிப்பையும் பந்தையும் சேர்த்து விட்ட பெடியன்கள் எத்தனையோ பேரைப் பார்த்த மனிதர் அவர். இவர்களையாவது விட்டுவிட மனமில்லை.


கரவெட்டிப் பெடியன் எழுதியது:

மேலே இரண்டு பேரும் எழுதியதை வாசித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எங்கள் கழகத்துக்கும் ஒருமுறை உதவி வந்தது. கொடுத்தவர் தொழிலில் நல்லாய் இருக்கிறவர், யார் என்று எழுதப்போவதில்லை. பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, பதாகை கட்டி, ஒவ்வொருவரும் சப்பாத்துப் பெட்டியைப் பிடித்தபடி படம் எடுத்தார்கள். வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று படத்துக்குக் கீழே எழுதியும் போட்டார்கள். அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துக் கேலி செய்ததில் ஒரு பெடியன் பயிற்சிக்கு வருவதையே விட்டுவிட்டான். நல்ல எறிகாரன். அடுத்த ஆண்டு உதவியும் வரவில்லை, அவனும் வரவில்லை. தையற்கடை அக்கா தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.


கொக்குவில்–ஸ்காபரோ எழுதியது:

நான் இப்போது விடுமுறையில் ஊரில் நிற்கிறேன். வலை பின்னுகிற பெரியவரின் கதையை வாசித்ததும் கனடாவில் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது, நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓடினால் பிராண்ட்ஃபோர்ட் பக்கம் 'கிராண்ட் ஆற்று ஆறு தேசங்கள்' என்கிற பூர்வகுடிகளின் பகுதி வரும். அங்கே ஓஸ்வீக்கன் என்ற ஊர். ஹோடனசோனி மக்கள் வாழ்கிறார்கள். லக்ரோஸ் அவர்களுடைய ஆட்டம். நீண்ட மட்டையின் தலையில் வலை கட்டி அதில் பந்தைப் பிடித்து எறிந்து விளையாடுவது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அது மறுபடியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவர்கள் அதை வெறும் விளையாட்டாக எண்ணுவதில்லை, படைத்தவன் தந்த ஆட்டம், நோயாளிக்கு மருந்து என்கிறார்கள்.

சிறிய கடை ஒன்றுக்குள் போனேன். மட்டை, தலைக்கவசம், கையுறை எல்லாம் தொங்குகின்றன. வாசல் பக்கம் ஒரு பெரிய பெட்டியில் பழைய மட்டைகள். சின்னப் பெடியன் ஒருவன் வந்து குட்டையாகிப்போன தன் மட்டையை அதில் போட்டான், கொஞ்சம் பெரிய ஒன்றை எடுத்தான், கடைக்கார அம்மாவிடம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். காசும் இல்லை, கணக்கும் இல்லை. "வலை அறுந்திருந்தால் நான் கட்டிக் கொடுப்பேன், அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் போடுவேன்" என்றார் அந்த அம்மா.

அந்த ஆறு தேசங்களில் ஒன்றான ஒனொண்டாகா இனத்தவர், மட்டை செய்கிறவர் அல்ஃப் ஜாக் என்பவரைப் பற்றிப் பிறகு தேடி வாசித்தேன். நியூயோர்க் மாநிலத்தில் சிரக்கியூஸ் பக்கத்தில் இருந்தவர், 2023இல் காலமானார். 1960களின் தொடக்கத்தில், பெடியனாக இருந்தபோது, மட்டை வாங்க வீட்டில் காசில்லை. தகப்பன் "நாங்களே செய்வோம்" என்றாராம். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் காயவைத்து, சீவி, தோல்வார் கட்டி, இரண்டு பேரும் சேர்ந்து செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மட்டைகள் அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போயின. 1970இல் பிளாஸ்ரிக் தலை வைத்த மட்டை சந்தைக்கு வந்ததும் மர மட்டையின் வியாபாரம் விழுந்தது. அப்படியும் அவர் கைவிடவில்லை, சாகும்வரை செய்தார், இளையவர்களுக்கும் பழக்கினார். வாங்க முடியாத பெடியன் செய்யக் கற்றுக்கொண்டு மற்றப் பெடியன்களின் கையில் மட்டை கொடுத்தான். எனக்குப் பாசையூர்ப் பெரியவரும் அவரும் ஒரே வீட்டு ஆட்கள் போலத்தான் படுகிறது.

அமெரிக்காவில் இன்னொருவர், சாம் மக்ரக்கன். மொன்ரானாவில் ஃபோர்ட் பெக் பூர்வகுடிப் பகுதியைச் சேர்ந்தவர். நைக்கி (Nike) சப்பாத்து நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், பிறகு அந்த நிறுவனத்துக்குள்ளேயே என்7 என்ற ஒரு பிரிவைக் கட்டி எழுப்பினார். ஏழு தலைமுறைக்கும் பொறுப்பாக நட என்கிற அவர்களுடைய நம்பிக்கைதான் அந்த ஏழு. 2007இல் பூர்வகுடிகளின் பாதத்தை அளந்து, முன்பக்கம் அகலமாக ஒரு சப்பாத்துச் செய்தார்கள். 2009இல் நிதியம் தொடங்கி, விற்பனையில் வருகிற காசைப் பூர்வகுடிப் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுத்து வருகிறார்கள். பெரிய நிறுவனம்தான், வியாபாரம்தான். ஆனால் உள்ளே தங்கள் ஆள் ஒருவர் இருந்ததால்தான் பாதத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது. ஊருக்குக் காசு அனுப்புகிற எங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. எந்த அளவுச் சப்பாத்து வேண்டும் என்று கேட்காமல் பெட்டி பெட்டியாக அனுப்புகிறோம். தையற்கடை அக்காவிடம் துணி வாங்கக் கொடுத்தால் அதே காசு இரண்டு தரம் உதவும், சட்டைக்கும் தாய்மாரின் கூலிக்கும்.


வலிகாமம் ரீச்சர் எழுதியது:

கொக்குவில் தம்பி, சப்பாத்தின் அகலத்தைப் பற்றி எழுதினீர்களே, அதை நான் இங்கே ஒவ்வொரு பருவமும் காண்கிறேன். வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு விரல்கள் விரிந்து பாதம் முன்னால் அகன்றிருக்கும். நீளத்தை மட்டும் கேட்டு வாங்கிய சப்பாத்து சுண்டுவிரலைக் கடித்துக் கொப்புளம் போடும், பிள்ளை அதைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடும். காரணம் தெரியாதவர்கள் "வாங்கிக் கொடுத்தும் போடுதில்லை" என்று குறை சொல்வார்கள்.

கரவெட்டித் தம்பி, அந்தப் பெடியன் எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். எறிதல் பயிற்றுநர் ஒருவரை எனக்குத் தெரியும், வீட்டுக்குப் போய்க் கதைப்பார். படமெல்லாம் எடுக்க மாட்டார்.

உதவ நினைக்கிற எல்லாருக்கும்: இந்தமுறை பிள்ளைகளின் பாதத்தைப் பத்திரிகைத் தாளில் வைத்து, காலுறை போட்டபடி, பின்னேரத்தில் வரைந்து எடுக்கிறோம். காலையில் வரைந்தால் பாதம் சற்றுச் சிறிதாக இருக்கும். குதிக்கால் முதல் பெருவிரல் வரை ஒரு கோடு, அகலமான இடத்தில் குறுக்கே ஒரு கோடு. தாளில் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும். யாழ்ப்பாணப் பஸ்நிலையத்துக்குக் கிட்ட உள்ள சப்பாத்துக் கடைக்காரர் ஒருவர் அந்தத் தாள்களை வைத்து அகலமானதாகத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் இலாபத்தை விட்டுத்தான் தருகிறார். பாசையூர் அண்ணை, உங்கள் பெரியவரிடம் கரப்பந்து வலை ஒன்று வேண்டும். முழு விலை கொடுக்கிறோம், எங்களுக்கு இந்தமுறை பழைய மாணவர் சங்கக் காசு இருக்கிறது. எப்போது வந்து எடுக்கலாம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.