கொழிஞ்சாம்பாறையிலிருந்து திருப்பூர்: குடும்பமே போகலாமா, ஒருத்தர் போனாப் போதுமா?

எல்லைக்கல்:
கேரளாவுல பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின வடகரப்பதி பக்கம் ஒரு குடும்பம். வீட்டுக்காரர் தேங்காய் பறிக்கப் போவார், மனைவி தொழிலுறுதி (நூறு நாள் வேலை). மூத்தது பொண்ணு, தமிழ் மீடியம் எட்டாவது. பையன் மூணாவது. 70 வயசு அம்மாவுக்குக் கேரள முதியோர் பென்ஷன். ரேஷன் கார்டு பிங்க். கடன் 40 ஆயிரம். ரெண்டு பேருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை வாங்கித் தர்றதா ஏஜென்ட் சொல்றார். மொத்தமா காலி பண்ணிட்டுப் போறது சரியாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:
போறதுன்னா மொத்தமாத்தான் போகணும். ஒருத்தர் அங்க, மத்தவங்க இங்கன்னா ரெண்டு அடுப்பு எரியும், மிச்சம் ஒண்ணும் இருக்காது. ஹெல்ப்பருக்கு ஷிப்டு 450, செக்கிங்குக்கு 400ன்னு வச்சுக்குவோம். அவர் தினம் ஒன்றரை ஷிப்டு பார்த்தா ஆறு நாளைக்கு 4,050. அவங்க ஒரு ஷிப்டு மட்டும், 2,400. வாரம் 6,450, நாலு வாரத்துக்கு 25,800. லைன் வீட்டு வாடகை 5,000, கரண்ட் 600, தண்ணி 500, கேஸ் 1,000, போன் 600, அரிசி மளிகை காய்கறி 9,000. ஆக 16,700. மீதி 9,100. அஞ்சு மாசத்துல கடனை அடைச்சிடலாம். வடகரப்பதியில இருந்துக்கிட்டு இது ஆகுமா?

கணக்குப்புள்ள:
நொய்யல்கரை அண்ணா, கூட்டல் சரி. வருசத்துல எத்தனை வாரம் முழு வாரம்னு போடலையே? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி பூட்டுவாங்க, நடுவுல ஆர்டர் இருக்காது. 2025 ஆகஸ்டுல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப முதல்ல நின்னது ஓவர்டைம்தான். ஒன்றரை ஒண்ணாகி, ஆறு நாள் நாலு நாளானா வாரம் 3,400. நாலு வாரத்துக்கு 13,600. செலவு அதே 16,700. மாசம் 3,100 துண்டு விழும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. முதல் வாரக் கூலியைப் பல இடத்துல பிடிச்சு வைப்பாங்க. திங்கக்கிழமை சேர்ந்தா ரெண்டாவது சனிக்கிழமைதான் கையில காசு. அதுவரைக்கும் சாப்பிடணும். வீட்டு அட்வான்ஸ் 15,000, முதல் மாச வாடகை 5,000, டாட்டா ஏஸ் வாடகை 4,000, ரெண்டு வாரச் சாப்பாடு 4,000, அடுப்பு குடம் சில்லறைச் சாமான் 2,000. மொத்தம் 30 ஆயிரம். 40 ஆயிரம் கடன்ல இருக்கிறவங்க இதை எங்க வாங்குவாங்க? தண்டல்தான். 8,500 கையில கொடுத்துட்டு நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவான். முதல் நாள்ல இருந்தே அசல் குறையறதால வருசக் கணக்குல வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிடும். குடும்பங்கள் உடையறது இங்கதான். கூலி கம்மிங்கிறதால இல்ல.

நொய்யல்கரை:
அட்வான்ஸுக்குத் தண்டல் வாங்கச் சொன்னது யாருங்க? வீட்டுக்காரர் ஒரு மாசம் முன்னாடி போய் கம்பெனி ரூம்ல தங்கட்டும். அப்புறம் இவங்க வரட்டும். கேஸுக்கும் பயப்படாதீங்க, 5 கிலோ சின்ன சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ல 2021லிருந்து டிக்கெட் இல்லை. எந்த ஊர்க்காரங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

கணக்குப்புள்ள:
ஆக, முதல்ல ஒருத்தர்தான் போகணும்னு நீங்களே வந்துட்டீங்க :)

சித்தூர்மணி:
காகிதங்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்தக் குடும்பத்துக்கு அவைதான் முக்கியம்.

பிங்க் கார்டு முன்னுரிமைக் கார்டு. ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதனால் திருப்பூர்க் கடையில் கைரேகை வைத்து ஆளுக்கு 5 கிலோ கணக்கில் வாங்கலாம். ஆதார் இணைந்திருக்க வேண்டும். நீலம், வெள்ளைக் கார்டுகளுக்கு இந்த வசதி கிடையாது. வெளிமாநிலக் கார்டுக்குத் தானியம் மட்டும்தான். 30 ரூபாய் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் தமிழ்நாட்டுக் கார்டுக்கே உரியவை. கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினால் 1967க்குப் புகார் சொல்லலாம். எங்கும் வாங்காமல் மூன்று மாதம் விட்டால் கேரளாவில் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிங்க் வெள்ளையாகிவிடும்.

'அப்படியானால் தமிழ்நாட்டுக் கார்டே எடுத்துவிடலாமே' என்பார்கள். அதற்குச் சித்தூர் தாலுகா சப்ளை ஆபீஸில் பெயர் நீக்கி, நீக்கல் சான்று வாங்க வேண்டும். திருப்பூர் முகவரிக்குச் சான்று வேண்டும். லைன் வீட்டு உரிமையாளர் பலர் வாடகை ஒப்பந்தமே எழுத மாட்டார்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்கும் அந்தக் கார்டு வேண்டும். கையிலிருப்பதை முதலில் விட்டு, வருமா என்று தெரியாததற்கு வரிசையில் நிற்பதுபோல் ஆகும்.

அம்மா பென்ஷன்: கேரளாவில் 1,600 ஆக இருந்து 2025 நவம்பரில் 2,000 ஆனது. வருடாந்திர மஸ்டரிங்குக்கு (உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் சரிபார்ப்பு) அட்சயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) கைரேகை வைக்காவிட்டால் நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கினார்கள். இரண்டையும் வாங்க முடியாது. அந்த 2,000க்காகவே அம்மா ஊரில் இருப்பது மேல்.

நொய்யல்கரை:
70 வயசு அம்மாவைத் தனியா விட்டுட்டு 2,000 ரூபாய் பென்ஷன் வாங்கணுமாக்கும்? சோறு பொங்கிக் கொடுக்க ஆள் வேணாமா? ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பதிவு இருந்தா மகனை நம்பி இருக்கிற தாய்க்கும் வைத்தியம் உண்டு. மஸ்டரிங் வருசத்துக்கு ஒரு தடவைதானே, பஸ் ஏறி வந்து வச்சுட்டுப் போகட்டும்.

சித்தூர்மணி:
வரலாம். ஆனால் வேறு மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்துகொண்டு இங்கே பென்ஷன் வாங்கக் கூடாது. 

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் 'தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சலுகை அதிகம்' என்று சொல்லித்தான் பலர் கிளம்புகிறார்கள். சின்னவனுக்கு அது உண்மை. ஐந்தாவது வரை அரசுப் பள்ளியில் காலை உணவு உண்டு. ஆறாவதுக்குள் அங்கே சேர்ந்துவிட்டால் பின்னால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தகுதி வரும். பெண்ணுக்குக் கணக்கே வேறு. கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயாகட்டும், 7.5 ஆகட்டும், ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். ஆறும் ஏழும் இங்கே முடிந்துவிட்டன. எட்டாவதில் பிடுங்கி நட்டால் பாடப்புத்தகம் மாறும், வரவு ஒன்றுமில்லை.

குடும்பம் பட்டியல் சாதியாக இருந்தால் இன்னொன்று: ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதி அந்தஸ்து இன்னொரு மாநில இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. சான்றிதழ் கேரளாவுடையதாகவே இருக்கும்.

நொய்யல்கரை:
பொண்ணு விஷயம் எனக்குப் புதுசு, ஒத்துக்கறேன். டீசி தர லேட்டானாலும் எட்டாவது வரைக்கும் சேர்க்க மறுக்க முடியாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் இருக்கு, அதைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

சித்தூர்மணி:
சட்டம் சரி. நடைமுறையில் பழைய பள்ளி யூடைஸ் தளத்தில் (பள்ளி மாணவர் விவரங்களுக்கான மத்திய அரசுத் தளம்) பிள்ளையின் பென் எண்ணை (நிரந்தர மாணவர் எண்) விடுவித்து டிராப்பாக்ஸில் (பள்ளி மாறும் பிள்ளைகளின் பட்டியல்) போட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுப் பள்ளியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், ஆன்லைன் பதிவேட்டில் பெயர் ஏறாது. டீசி வாங்கும் அன்றே ஹெட்மாஸ்டரிடம் கேட்டுச் செய்துவிடச் சொல்லுங்கள்.

கள்ளுக்கடைமுக்கு:
எதுக்குங்க திருப்பூர்? கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை பக்கத்துல இருக்கு. ரிசர்வ் வங்கி கணக்குல 2022-23ல கட்டுமானத் தொழிலாளிக்குக் கேரளாவில் நாளுக்கு 852, நாட்டுச் சராசரி 393. கூலி அதிகமா இருக்கிற மாநிலத்தை விட்டுட்டு யாராச்சும் போவாங்களா?

கணக்குப்புள்ள:
852 திருச்சூர், எர்ணாகுளம் எல்லாம் சேர்த்த சராசரி. எல்லையில அந்தக் கூலி எவன் கொடுக்கறான்? கஞ்சிக்கோட்டுல நிறைய வேலை காண்ட்ராக்ட்ல வடக்கத்தி ஆளுங்களுக்குப் போகுது. ராத்திரி ஷிப்டு முடிஞ்சா பஸ் கிடையாது, பைக்கும் பெட்ரோலும் வேணும். ஆனா கார்டு, பென்ஷன், பள்ளிக்கூடம், அவங்க தொழிலுறுதி (2024-25ல கேரளா 346, தமிழ்நாடு 319) எதுவும் அசையாது. முதல்ல அங்க கேட்டுப் பார்க்கறதுல தப்பில்லை.

எல்லைக்கல்:
எல்லாருக்கும் நன்றிங்க. அவர் மட்டும் முதல்ல போறார்னா ஏஜென்ட்கிட்ட என்ன கேட்கணும்?

நொய்யல்கரை:
கூலி கம்பெனி கொடுக்குதா, காண்ட்ராக்டர் கொடுக்கறாரா? ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் வாரம் எவ்வளவு பிடிப்பாங்க? ஈஎஸ்ஐ ஐபி நம்பரும் (காப்பீட்டு எண்) பிஎஃப் யூஏஎன் நம்பரும் (வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண்) எத்தனாவது நாள் கைக்கு வரும்? ஈஎஸ்ஐக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான். 10,000 சம்பளத்துக்கு 75 ரூபாய். அதுக்கு மேல பிடிச்சா எதுக்குன்னு கேட்கச் சொல்லுங்க. வேலையில கை அடிபட்டா முதல் நாள்லருந்து பணம் உண்டு. சாதாரணக் காய்ச்சல் விடுப்புக்குத்தான் 78 நாள் சந்தா வேணும்.

கணக்குப்புள்ள:
ஏஜென்ட் முன்பணம்னு எதையாச்சும் நீட்டினா வாங்க வேண்டாம். அது கூலியில கழியும். கழிஞ்சு முடியற வரைக்கும் ஆள் வெளிய வர முடியாது. அவர் ஆதார், கார்டு நகல் கொண்டு போகட்டும். ஒரிஜினல் கார்டு வீட்டுலயே இருக்கணும், இவங்க அரிசி வாங்கணுமில்ல.

நொய்யல்கரை:
மூணு மாசம் பார்த்துட்டு மனைவியும் பையனும் போகலாம்னு நான் இன்னும் சொல்றேன். பொண்ணு பாட்டி கூட இருந்து பத்தாவது முடிக்கட்டும்.

கணக்குப்புள்ள:
பதிமூணு வயசுப் பிள்ளையையும் எழுபது வயசுக் கெழவியையும் தனியா விட்டுட்டா? மூணு மாசம் கழிச்சு வாங்க, அதையும் பேசிக்கலாம்.