புதுப்பிப்பு: பி0016 வந்த கார், சென்சார் மாற்றவில்லை

திருமங்கலம் போகிற வழியில் செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 (P0016) என்ற எரர் எண் வந்தது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் கேம் சென்சாரை (கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது) மாற்றச் சொன்னீர்கள்.

அந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதே இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டும், என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் இணைக்கும் செயின் நீண்டிருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், கேம் ஷாஃப்டின் கோணத்தை மாற்ற ஆயிலைத் திறந்துவிடும் விவிடி ஆயில் வால்வு சிக்கியிருக்கலாம், ஏன், சென்சாரோ வயரோ கூட இருக்கலாம்.

காளவாசல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் முதலில் டிப்ஸ்டிக்கைத்தான் உருவினார். ஆயில் தார் மாதிரி, அளவும் குறைவு. விவிடி ஆயில் வால்வைக் கழற்றினால் அதன் குட்டி வலையில் கறுப்புப் பிசுக்கு அப்பிக்கிடக்கிறது. "செயினைப் பிரிக்கிறது அப்புறம் தம்பி, மொதல்ல இதைப் பாப்போம்" என்று அதைச் சுத்தம் செய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, எரரை அழித்துக் கொடுத்தார்.

இதுவரை விளக்கு திரும்ப எரியவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கேட்ட கடகட சத்தமும் இல்லை. மறுபடி வந்தால் முன் கவரைத் திறந்து செயினைப் பார்த்துவிடுவேன், ஏனென்றால் செயின் பல் தாண்டினால் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடுமாம், அந்தச் செலவெல்லாம் நமக்குக் கட்டாது.