உள்ளங்காலில் ஆறாத புண், வலியே இல்லை என்கிறார்: என்ன களிம்பு போடலாம்?

கேள்வி (மூத்தமகள்)
அப்பாவுக்கு 63 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. கட்டைவிரலுக்கு நேர் கீழே காய்த்துப்போயிருந்த இடம் வெடித்து, பட்டாணி அளவுக்குக் குழியாகிவிட்டது. ஐந்து வாரம் ஆச்சு. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை அடங்கினதும் துடைத்துக் கட்டுகிறேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது, மூடத்தான் மாட்டேன் என்கிறது. வலிக்கவே இல்லையாம், வழக்கம்போல நடக்கிறார். நல்ல களிம்பு எது?

பஞ்சும்துணியும்
புண் கட்டும் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலில் முள் குத்தினால் நாமெல்லாம் நொண்டுவோம், அந்த நொண்டல்தான் காலைக் காப்பாற்றுகிறது. நரம்பு மரத்துப்போனவர் நொண்டமாட்டார், ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் அந்தக் குழியில்தான் இறங்கும். எவ்வளவு நல்ல களிம்பு போட்டாலும் குளியலறைக்கு நாலு நடை போய்வந்தால் போச்சு. பாரத்தை இறக்கினால்தான் ஆறும். ரத்த ஓட்டத்தையும் தொற்றையும் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போடுவார்கள். கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள், எத்தனை பேரைப் பார்த்தாச்சு!

பெராக்சைடை இன்றே நிறுத்துங்கள். நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் புதிதாக வளரும் சதையையும் அது அரித்துவிடும். கழுவ சலைன் போதும். ஓரத்தில் தடித்திருக்கும் தோலைச் சீவ வேண்டும், அது உள்ளே கல் மாதிரி அழுத்தும். அதற்காக நீங்கள் பிளேடை எடுத்துவிடாதீர்கள்.

கரைவேட்டி
என் அம்மாவுக்கு உள்கணுக்காலுக்கு மேலே வந்தது. அது ரத்தக்குழாய் வீங்கி, நீர் கசிந்து வரும் வகை. இறுக்கமான அழுத்தக் கட்டு போட்டுத்தான் மூன்று மாதத்தில் ஆறியது, நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பஞ்சும்துணியும்
ஐயோ, வேண்டாம். அது சிரை புண், இது வேறு. தமனி அடைத்திருக்கும் காலில் இறுக்கிக் கட்டினால் விரலே கறுத்துவிடும். முதலில் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாவதால் அடைப்பு இருந்தும் எண் நன்றாகக் காட்டும், அதனால் கால்விரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கரைவேட்டி
சரி, எனக்குத் தெரியாமல் போச்சு.

மூத்தமகள்
நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் உள்பட்டை குழிந்து, நடுவில் ஒரு சின்ன ஆணி முனை எட்டிப் பார்க்கிறது. விரலை வைத்ததும் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அதன்மேல் நடந்திருக்கிறார்!

பஞ்சும்துணியும்
அந்தச் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். நாலு வாரத்தில் புண் பாதியாவது சுருங்கியிருக்க வேண்டும், உங்களுக்கு ஐந்தாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். குழிக்குள் கம்பி விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள், தட்டினால் எலும்பிலும் தொற்று இருக்கலாம், எக்ஸ்ரே எடுப்பார்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, நடுராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள்.

மூத்தமகள்
நாளைக் காலையிலேயே கூட்டிப்போகிறேன். "வலிக்காத காலுக்கு எதற்கு டாக்டர்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.