அம்மாவோடு வந்த பூனையை எங்கள் முத்து ஏற்க மாட்டேன் என்கிறான்

கவிதா, கொளத்தூர்

வணக்கம். முழுதாகச் சொன்னால்தான் நிலைமை புரியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு பூனை. சாம்பல் வரி, ஆண், ஆறு வயது, கருத்தடை ஆகிவிட்டது. சின்னக் குட்டியாக எடுத்து வந்ததிலிருந்து இந்த மூன்றாவது மாடி வீடுதான் அவனுக்கு உலகம். இன்னொரு பூனையை அவன் பார்த்ததெல்லாம் பால்கனி கம்பி வழியாகக் கீழே தெருவில்தான்.

அப்பா போன பிறகு அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தார்கள். முழங்கால் வலி முற்றி, கிணற்றடி வரை நடப்பதே சிரமம் என்றானதும் இங்கே கூட்டி வந்துவிட்டோம். அம்மா வைத்த ஒரே நிபந்தனை, வெள்ளச்சியும் வர வேண்டும் என்பது. வெள்ளச்சி பின்கட்டில் வளர்ந்த பெண் பூனை. மூன்று வயது இருக்கும். ஒருமுறை குட்டி போட்டிருக்கிறாள். கருத்தடை இல்லை, ஊசியும் போட்டதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

இப்போது வெள்ளச்சி அம்மாவின் அறையில் இருக்கிறாள். கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம். முத்து அந்தக் கதவுக்கு எதிரில் உட்கார்ந்து அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் அம்மா காப்பித் தம்ளரோடு கதவைத் திறந்த நொடியில் உள்ளே பாய்ந்துவிட்டான். கட்டிலுக்கு அடியில் இரண்டும் கட்டிப் புரண்டன. பெரிய காயம் இல்லை, ஆனால் வெள்ளை முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அதிலிருந்து முத்து அந்த அறை வாசல் மிதியடியிலும் சோபா மூலையிலும் மூத்திரம் அடிக்கிறான். சாப்பாடும் பாதியாகிவிட்டது.

எதிர்வீட்டில், "ரெண்டு நாள் அடிச்சுக்கிட்டா தானா சரியாயிடும், திறந்து விடுங்க" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அம்மாவோ, "இது அவன் வீடு. நாங்கதானே நடுவுல வந்தோம். வெள்ளச்சியைக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அது பூனையைப் பற்றி மட்டும் சொன்ன பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராஜி, கோவை

கவிதா, வழி இருக்கிறது. முதலில் எதிர்வீட்டு யோசனையை விட்டுவிடுங்கள். தெருவில் தோற்ற பூனைக்கு ஓடிப்போக இடம் உண்டு. மூடிய வீட்டில் அது கிடையாது. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்குத்தான் பழக்கும்.

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள், எல்லாம் வெவ்வேறு சமயத்தில் வந்தவை. நான் கண்டது ஒன்றுதான்: பூனை இன்னொரு பூனையைக் கண்ணால் ஏற்பதற்கு முன்னால் மூக்கால் ஏற்க வேண்டும். முத்து நிலைப்படியில், சோபா காலில், உங்கள் கணுக்காலில் கன்னத்தைத் தேய்ப்பானே, அது கொஞ்சல் மட்டும் இல்லை. கன்னத்தில் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த வாசனை படிந்த இடமெல்லாம் அவனுக்குப் பத்திரமான இடம். அதற்குள் திடீரென்று முன்பின் தெரியாத பூனை வாசனை வந்தால் அவன் பயப்படுகிறான். உறுமலும் மூத்திரமும் அந்தப் பயம்தான். பழிவாங்கல் என்று நினைத்து அவனைத் திட்டாதீர்கள்.

உறவைப் புதிதாகத் தொடங்குங்கள். கதவு இப்போதைக்குச் சாத்தியே இருக்கட்டும். வெள்ளச்சிக்கு அந்த அறையிலேயே தண்ணீர், சாப்பாடு, மலம் மூத்திரம் கழிக்க மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் வேண்டும். முதல் வேலை மருத்துவர். ஊசி போடாத பூனை என்பதால் உடல் பரிசோதனை, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, ரத்தத்தில் லுகீமியா வைரஸ், எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) இரண்டுக்கும் சோதனை, அப்புறம் தடுப்பூசி. எஃப்ஐவி ஆழமான கடியில்தான் முக்கியமாகப் பரவும், அதனால் சோதனை முடியும் வரை இன்னொரு சண்டை நடக்கவே கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். கருத்தடையையும் பேசிவிடுங்கள். பருவத்துக்கு வந்து ராத்திரியெல்லாம் கத்தும் பூனை ஒரே கூரைக்குள் இருந்தால் முத்துவுக்கு நிம்மதி வராது.

பிறகு துணி. அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கை அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெள்ளச்சியின் கன்னத்திலும் தாடையிலும் மெல்லத் தேய்த்து, முத்து சாப்பிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். முத்துவைத் தேய்த்த துணி வெள்ளச்சிக்கு. அவன் மூக்கருகே கொண்டுபோய் நீட்ட வேண்டாம், தானாக வந்து மோந்து பார்க்கட்டும். சீறினால் சீறட்டும். அதன் பக்கத்திலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்ததை வையுங்கள். தினமும் புதிதாகத் தேய்த்துப் போடுங்கள். அவன் துணியைத் தாண்டி அசட்டையாக நடந்து போகிற நாளில் அடுத்த படிக்கு வரலாம்.

அடுத்தது கதவுக்கு இரு பக்கமும் சாப்பாடு. தட்டுகளை முதலில் கதவிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். இருவரும் உறுமாமல் காலி செய்தால் மறுநாள் ஒரு சாண் கிட்டே நகர்த்துங்கள். உறுமினால் பின்னால் கொண்டுபோங்கள். மற்ற நேரத்தில் தட்டில் சாப்பாடு இருக்கக் கூடாது, பசியோடு வந்தால்தான் இது பலிக்கும். இரண்டும் கதவை ஒட்டி அமைதியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் தினம் கொஞ்ச நேரம் இடம் மாற்றுங்கள். முத்துவை அம்மா அறையில் விட்டு, வெள்ளச்சியை ஹாலில் நடமாட விடுங்கள். நேரில் பார்ப்பது அதற்கும் அப்புறம்தான், அதுவும் கொசுவலைக் கதவு மாதிரி ஒரு தடுப்பு வழியாக.

எவ்வளவு நாள் ஆகும் என்று தேதி சொல்ல முடியாது. வளர்ந்த பூனைகள் என்பதால் மாதக் கணக்கில் ஆகலாம். பயப்படுகிற பூனை எவ்வளவு வேகம் தாங்குமோ அதுதான் வேகம்.

இன்னொன்று, மிக முக்கியம். மூத்திர நாற்றத்துக்கு ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அது பூனையின் ஈரலுக்கு விஷம். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். மூத்திரக் கறைக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். கிடைக்கும் வரை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா தூவி உலரவிட்டுத் துடையுங்கள்.

செல்வம், மதுரை

ராஜி அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. முத்து ஆண் பூனை, மன அழுத்தத்தில் இருக்கிறான், சாப்பாடும் குறைந்திருக்கிறது. இப்படிப்பட்ட சமயத்தில்தான் ஆண் பூனைகளுக்கு மூத்திரப் பாதை அடைத்துக்கொள்ளும். மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, கத்துகிறான், அடிவயிற்றை நக்குகிறான் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். என் பூனைக்கு வந்து பிழைத்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஈர உணவாகக் கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

மறுபடி சண்டை வந்தால் கையை நடுவில் விடாதீர்கள். தலையணையோ பெரிய அட்டையோ நடுவில் நுழைத்துப் பிரித்துவிடுங்கள். அம்மா குனிந்து தூக்கப் போய்விடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்

கவிதாம்மா, எனக்கு உங்கள் அம்மாவின் பேச்சுதான் மனதில் நிற்கிறது.

முத்துவுக்கு அம்மாவும் புதியவர்தானே. அம்மாவின் சேலையிலும் கையிலும் வெள்ளச்சி வாசனைதான் இருக்கும். இனி முத்துவுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை அம்மா கையால் வைக்கச் சொல்லுங்கள். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவிச்ச மீனை முள் எடுத்து, அவன் பக்கம் பார்க்காமல் கீழே போட்டால் போதும். கூப்பிட வேண்டாம், தடவ வேண்டாம். அவன் அம்மாவிடம் பழகிவிட்டால் அந்த வாசனையோடும் பாதி பழகிவிட்டான் என்று அர்த்தம். அம்மாவுக்கும் இந்த வீட்டில் ஒரு ஜீவன் தன்னைத் தேடி வருகிறது என்றிருக்கும்.

வெள்ளச்சி பின்கட்டு மண்ணில் தோண்டிப் பழகியவள். கடையில் வாங்கும் லிட்டர் (பூனைத் தட்டுக்கான மணல்) அவளுக்கு என்னவென்றே தெரியாது. முதலில் தட்டில் சாதாரண மண்ணைப் போட்டு, லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று மண் தட்டு, தனித்தனி இடத்தில். ஒரே மூலையில் மூன்றையும் வைத்தால் ஒருவர் காவல் நின்று மற்றவரை விடமாட்டார். பீரோ மேல், ஷெல்ஃப் மேல் ஏறிப் படுக்க இடம் செய்து கொடுங்கள். தரையில் இடம் போதாத வீட்டில் உயரம்தான் சண்டையைக் குறைக்கும்.

பால்கனிக்கு உடனே வலை அடியுங்கள். சுவர் ஏறிக் குதித்த பூனைக்கு மூன்றாவது மாடி என்று தெரியாது.

கவிதா, கொளத்தூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொஞ்ச நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

வெள்ளச்சிக்கு இரண்டு சோதனையும் நல்லபடியாக வந்தது, முதல் ஊசி போட்டாயிற்று. முத்துவுக்கும் மூத்திரம் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. பால்கனிக்கு வலை அடித்துவிட்டோம். கருத்தடைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

துணியைக் கண்டதும் முத்து முதலில் சீறிவிட்டு சமையலறைக்கு ஓடினான். அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்தான். இப்போது அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறான். கதவருகே சாப்பாடும் நடக்கிறது. முந்தாநாள் கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளியில் வெள்ளச்சி பாதத்தை நீட்டினாள். முத்து நக்கிக்கொண்டிருந்த தட்டை விட்டுவிட்டு அந்தப் பாதத்தையே பார்த்தான். காது பின்னால் போகவில்லை, வாலும் புடைக்கவில்லை. ஒரு தட்டு தட்டினான், நகம் வெளியே வரவில்லை. அவள் பாதத்தை இழுத்து மறுபடி நீட்டினாள். அம்மா உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வெளாடுதுக டீ" என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஃபாத்திமாக்கா சொன்னபடி காலைச் சாப்பாடு அம்மா கையால்தான். மணி ஏழானால் முத்து அம்மாவின் நாற்காலிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஊருக்குப் போகிற பேச்சு இப்போது வருவதில்லை.

ஆனால் நேற்று கொசுவலைத் தடுப்பு வழியாகப் பார்க்க விட்டபோது முத்து அசையாமல் முறைத்துக்கொண்டே நின்றான். வெள்ளச்சி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இது பின்னடைவா? இரண்டும் என்றைக்காவது சேர்ந்து படுக்குமா?

ராஜி, கோவை

பாத விளையாட்டைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். நேற்று நடந்தது பின்னடைவு இல்லை. சீறுவதைவிட அசையாமல் முறைப்பதைத்தான் கவனிக்க வேண்டும், பாய்வதற்கு முன்னால் பூனை அப்படித்தான் நிற்கும். தடுப்பின் கீழ்ப்பாதியை ஒரு போர்வையால் மூடிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் விலக்குங்கள். முறைக்க ஆரம்பித்தால் அவன் பெயரைக் கத்த வேண்டாம், கயிற்றில் கட்டிய காகிதப் பந்தை அவன் பக்கமாக இழுத்து விடுங்கள். கண் இந்தப் பக்கம் திரும்பினால் உடனே தீனி. அவன் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவான் போலிருக்கிறதே என்னும்போதே போர்வையை மூடிவிடுங்கள்.

சேர்ந்து படுக்குமா என்பதை எதிர்பார்க்காதீர்கள். என் நான்கில் இரண்டு ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும். மற்ற இரண்டும் ஒரே ஹாலில் ஆளுக்கொரு மூலையில் தூங்கும், தண்ணீர் குடிக்கப் போகும்போது வழிவிட்டு ஒதுங்கும். அவையும் நிம்மதியாகத்தான் வாழ்கின்றன. இரண்டும் சாப்பிட்டு, தூங்கி, பயமில்லாமல் மண் தட்டுக்குப் போய்வந்தால் அதுவே ஏற்றுக்கொண்டதுதான்.

கருத்தடை முடிந்து வெள்ளச்சி திரும்பும்போது அவள் மேல் ஆஸ்பத்திரி வாசனைதான் இருக்கும். முத்துவுக்கு அவள் மறுபடி அந்நியமாகத் தெரியலாம். அதனால் அன்றைக்குக் கூண்டுக்குள் அவள் படுத்த பழைய துணியையே விரித்துக் கொண்டுபோங்கள். வந்ததும் நேராக அம்மா அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். காயம் ஆறும் வரை அவளும் குதிக்கக் கூடாது, ஆகவே பத்துப் பதினைந்து நாள் தடுப்பு வழிச் சந்திப்பே வேண்டாம். அந்த நாட்களில் துணி மாற்றுவதையும் கதவோரச் சாப்பாட்டையும் மட்டும் விடாமல் செய்யுங்கள். தையல் பிரித்த பிறகு வந்து எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.