நாலடி உப்புநீர் மீன் தொட்டியில் டாங், டொமினோ, சிங்கமீன் எல்லாம் சேருமா?

கோண்டாவில்:
வணக்கம். என் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லீட்டர். ஆறு மாதமாக ஓடுகிறது. மீன் கழிவால் வரும் நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம். மென்பவளம் மூன்று, துப்புரவு இறால் இரண்டு, கிளவுன் மீன் ஒரு சோடி இருக்கின்றன. இனி வாங்க நினைப்பவை: பவுடர் புளூ டாங் ஒன்று, டொமினோ டாம்செல் மூன்று, வண்ணாத்தி மீன் ஒன்று, சிங்கமீன் குட்டி ஒன்று. "குட்டியிலேயே விட்டால் எல்லாம் பழகிவிடும்" என்று கடையில் சொன்னார்கள். சரிதானா?

குருநகர்:
சரியில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சிங்கமீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் வாய்க்குள் போகக்கூடியது எதுவும் அதற்கு இரைதான். உங்கள் இறால் இரண்டும் முதல் கிழமையே போகும், பிறகு சின்னக் கிளவுன் போகும். இதில் பழக்கம் என்ற பேச்சே இல்லை. தூண்டிலுக்கு இரை குத்துகிறவனுக்கு மீனின் வாயைப் பார்த்தாலே விளங்கும். தொட்டிக்கு மீன் எடுக்கும்போதும் வாயைத்தான் பார்க்க வேண்டும். கலவாய் மீனுக்கும் இதே கதைதான். கிளாத்தி மீனின் வாய் சின்னது, ஆனால் அந்தப் பல்லுக்கு இறாலும் நண்டும் சங்கும் மிஞ்சாது.

வண்ணாத்தியில் நிறைய இனங்கள் பவளத்தின் உயிருள்ள மொட்டுகளைக் கொத்தித் தின்பவை. சில இனங்கள் அதைத் தவிர வேறொன்றும் தின்னாமல் பட்டினியிலேயே சாகும். வடிவாக இருக்கிறதென்று வாங்கி, ஒரு மாதத்தில் மெலிந்து சாவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

பவுடர் புளூ வளர்ந்தால் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். பகல் முழுக்க நீந்துகிற மீன் அது. நாலடியில் திரும்பித் திரும்பி ஓடியே களைத்துப் போகும். களைத்த டாங்குக்கு வெண்புள்ளி நோய் வருவது மிகச் சாதாரணம்.

பண்ணைக்கரை:
தம்பி குருநகர், சிங்கமீனிலும் வண்ணாத்தியிலும் உம்மோடு எனக்குச் சண்டை இல்லை. மற்ற இரண்டிலும் நீர் தேவையில்லாமல் பயப்படுத்துகிறீர். என் பவுடர் புளூவுக்கு ஐந்து வருடம். அதைப் புதிதாக விட்டபோது முதல் ஒரு கிழமை கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். தன் உருவத்தோடு மல்லுக்கட்டியதில் மற்ற மீன்களை மறந்துவிட்டது. ஓட்டை போட்ட பெட்டிக்குள் விட்டு, நாலு நாள் ஒன்றை ஒன்று பார்க்க வைத்து, பிறகு திறந்துவிடுகிற முறையும் இருக்கிறது. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

டொமினோவைப் பற்றி நீர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடலில் டொமினோக் குட்டிகள் கிளவுன் இருக்கிற அதே அனிமோனுக்குள்தான் (கடல் சாமந்தி) இருக்கும். கடலிலேயே ஒரு வீட்டில் வளர்ந்தவற்றைத் தொட்டியில் பிரிப்பது ஏன்?

குருநகர்:
அண்ணை, குட்டி என்றீர்கள், அதுதான் விஷயம். குட்டி டொமினோ கறுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளியோடு பார்க்க ஆசையாக இருக்கும். பெரிதாகும்போது அந்தப் புள்ளிகள் மங்கும். கடலில் அனிமோனை விட்டும் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? ஒரு கல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருகிற எல்லாவற்றையும் அடிக்கும். கடலில் அடி வாங்கின மீன் பத்து மீற்றர் ஓடித் தப்பும். இங்கே நாலாவது அடியில் கண்ணாடி.

மூன்று விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். எனக்கு நடந்தது அது. பிறகு அந்த ஒன்றைப் பிடிக்கக் கல் முழுவதையும் வெளியே எடுத்தேன்.

இன்னொன்று, உங்கள் தொட்டி எத்தனை அடி?

பண்ணைக்கரை:
ஆறடி. அதை முதலில் சொல்லாதது என் பிழைதான். சரி, நாலடிக்கு டாங் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலாவி சிக்லிட் வளர்க்கிறவர்கள் செய்வதைப் பாரும். நிறைய மீன் விட்டால் அடி ஒன்றின் மேலேயே விழாமல் எல்லாவற்றுக்கும் பிரிந்து போகும். அதே முறையில் டொமினோவையும் சமாளிக்கலாம்.

சுண்டுக்குளி:
அண்ணை, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிக்லிட் நல்ல தண்ணீர் மீன். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். சித்திரை, வைகாசியில் இங்கே யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. மேற்பரப்பில் விசிறி வைத்து, ஆவியாகிற தண்ணீரைத் தினமும் ஊற்றித்தான் நான் இரண்டு, மூன்று பாகை குறைக்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது என்னிடம் நாலு மீன்தான். பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று அவற்றுக்குப் போதுமாக இருந்தது. பத்து மீன் இருந்திருந்தால் முதல் இரவே முடிந்திருக்கும். எத்தனை மீன் விடலாம் என்பதை, கரண்ட் இல்லாத இரவை நினைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

கோண்டாவில், ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? எங்கள் சுண்ணாம்புக்கல் கிணறுகளில், தோட்டத்து உரத்தால் பல இடங்களில் நைட்ரேட் அதிகம். ஆர்.ஓ. வடியில் சுத்திகரித்த தண்ணீர்தான் நல்லது.

கோண்டாவில்:
ஆர்.ஓ.தான் அக்கா. நீங்கள் சொன்ன கணக்கை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் இந்த அளவுக்கு என்ன விடலாம்?

குருநகர்:
உங்கள் கிளவுன் சோடியோடு இன்னும் மூன்று, நாலு சின்ன மீன் போதும். பிஸ்டல் இறால் மணலில் தோண்டுகிற வளையில் அதோடு சேர்ந்து வாழ்கிற கோபி ஒன்று. இறால் வளையைத் துப்புரவாக்கும், கோபி வாசலில் காவல் நிற்கும், மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்லில் பாசி மேய்கிற பிளெனி ஒன்று. பயர்பிஷ் ஒன்று, அதற்கு வலை மூடி கட்டாயம்; பயந்தால் வெளியே பாய்ந்துவிடும். ஓரா மீன் பாசி தின்னும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் தொட்டிக்கு அது பெரிய மீன்.

சாதுவானது முதலில், முரடு கடைசியில். எதுவானாலும் வேறு தொட்டியில் நாலு முதல் ஆறு கிழமை வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். வெண்புள்ளி உள்ளே வந்துவிட்டால் செம்பு மருந்து ஊற்ற முடியாது, அது இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பண்ணைக்கரை:
நல்ல பட்டியல். என்றாலும் ஒரே ஒரு டொமினோவை எல்லாவற்றுக்கும் கடைசியாக, கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டு விட்டால் ஒன்றும் ஆகாது. கல் மாறினால் பழைய எல்லைகளும் அழிந்துவிடும். இதில் நான் மாற மாட்டேன்.

குருநகர்:
ஒரு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது அண்ணை. அது வளர்ந்த பிறகு அந்த வளை வாசலில் கோபி நிற்குமா என்று சொல்லுங்கள்.

கோண்டாவில்:
கோபியையும் பிஸ்டல் இறாலையும் இந்தக் கிழமை வாங்கித் தனித் தொட்டியில் வைக்கிறேன். டாங், சிங்கமீன், வண்ணாத்தி மூன்றும் வேண்டாம். டொமினோவை இப்போது வாங்கவில்லை. கோபி வளைக்குள் குடியேறினதும் இங்கே வந்து எழுதுகிறேன்.